அடியை நோக்கி ஓர் அடி

போன கோடை விடுமுறையில் எங்கள் கிழக்குத் தாம்பரம் வீட்டில் பேரன் டி.வி.யில் ஒரு பழைய சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தான். எதிராளி குத்த வந்த கணத்தில், ஒதுங்காமல், குச்சியை முன்பக்கம் தட்டினான். குத்து பலிக்கவில்லை. மறுநொடி எதிராளி தரையில் கிடந்தான். "கவுன்ட்டர் தாத்தா! அவன் அடிச்சாத்தான் நான் இப்படித் திருப்பி அடிக்க முடியும்" என்றான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்துச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: ரிபோஸ்த். வரும் வாள்வீச்சைத் தடுப்பது பராத். தடுத்த கையோடு திருப்பி அடிப்பது ரிபோஸ்த். வாள்வீச்சின் சர்வதேச சம்மேளனம் 1913-ல் பாரிசில் தொடங்கியது. இன்றைக்கும் நடுவர் எந்த நாட்டுக்காரரானாலும் "ஆன் கார்த், ப்ரே, அலே" என்று பிரெஞ்சில்தான் சொல்வார்.

சேபர் என்ற வாள்வகையில் ஒரு விதி உண்டு. இருவர் வாளும் ஒரே சமயத்தில் பட்டால், முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே புள்ளி. ஆனால் எதிராளி அந்த வீச்சைத் தடுத்துவிட்டால் உரிமை அவரிடம் போய்விடும். கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகிற மாதிரி! தடுக்காமல் பதிலுக்கு வீசினால் அந்த உரிமை கிடையாது.

வீடியோ விளையாட்டுக்கு இது மெல்லத்தான் வந்தது. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் குச்சியைப் பின்னால் இழுத்தால் தடுப்பு. ஆனாலும் விசேஷ அடிகளைத் தடுத்தால் கொஞ்சம் உயிர் குறையும். 1993-ல் எஸ்.என்.கே. கம்பெனியின் ஃபேட்டல் ஃப்யூரி ஸ்பெஷலில் கீஸ் ஹோவர்ட் என்ற வில்லன், வரும் அடியையே பிடித்து ஆளைத் தூக்கி எறிந்தான். 1997-ல் காப்காம் கம்பெனி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-ல் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரு வித்தை கொடுத்தது. அடி வரும் நேரத்தில் குச்சியை முன்னால் தட்டினால் துளிக்கூட உயிர் குறையாது. நேரம் தவறினாலோ முழு அடியும் விழும்.

2004-ல் கலிபோர்னியாவில் நடந்த போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாராவுக்கு மயிரிழை உயிர்தான் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலே தோல்வி. அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் 15 அடிகள் கொண்ட பெரிய தாக்குதலை ஏவினார். டைகோ பதினைந்தையும் ஒவ்வொன்றாக முன்னால் தட்டித் தடுத்து, திருப்பி அடித்து, அந்த ஆட்டத்தை வென்றார். அரங்கம் கூச்சலிட்ட அந்தக் காட்சியை இன்றும் இளைஞர்கள் யூடியூபில் பார்க்கிறார்கள். இறுதிப் போட்டியில் அவர் தோற்றார் என்பது பலருக்கு நினைவில்லை.

அதே 2004-ல் வண்ணாரப்பேட்டைப் பெண் பவானி தேவி பள்ளியில் வாள்வீச்சில் சேர்ந்தார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் கிடைத்தது அது. வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பயிற்சி. 2021-ல் டோக்கியோவில், ஒலிம்பிக்ஸ் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். முதல் ஆட்டத்தில் 15-3 என்று வெற்றி. அடுத்து பிரான்சின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோல்வி. தோற்றதற்காக நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார் அந்தப் பெண். எனக்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு அவர் என்ன தவறு செய்தார்?

இரண்டு வருடம் கழித்து, 2023-ல் சீனாவின் வூஷி நகரில் ஆசியப் போட்டி. காலிறுதியில் அப்போதைய உலக சாம்பியன், ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தினார். வெண்கலம் கிடைத்தது. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் அதுதான். என் கணக்கில் டோக்கியோவுக்கு அது ரிபோஸ்த்.

பதிலடி என்றால் கோபத்தில் உடனே வீசுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். முதலில் வந்த அடியைக் கண் மூடாமல் பார்க்கவேண்டும், பின்வாங்காமல் தடுக்கவேண்டும். அப்புறம்தான் நம் முறை.

பேரன் குச்சியை என்னிடம் கொடுத்தான். மூன்று தரம் முயன்றேன். அடி வரும்போது விரல் தானாகப் பின்னால்தான் போகிறது. அத்தனை வருட ஆபீஸ் பழக்கம்! "முன்னாடி தாத்தா, முன்னாடி!" என்று கத்துகிறான். அடுத்த விடுமுறைக்குள் பழகிவிடவேண்டும்.