மடிக்கணினியின் புறவுறுப்புகள்

ஒரு வீட்டின் படலையையும் திண்ணையையும் பார்த்தே அவ்வீட்டார் வருவோரை எவ்வளவு மதித்தனர் என்பதை உணர்ந்துகொள்ளலாம். கருவிகளின் இயல்பும் அத்தகையதே. ஒரு கருவியின் உள்ளமைப்பு அதனைச் செய்தவனின் அறிவைக் காட்டுகின்றது. அதன் புறவமைப்போ, அவன் யாரை மனத்திற் கொண்டு அதனைச் செய்தான் என்பதைக் காட்டுகின்றது.

மடிக்கணினி என்னும் பொறியின் உள்ளே நிகழ்வனவற்றை விளங்கிக்கொள்வதற்குப் பல்லாண்டுக் கல்வி வேண்டும். ஆயின் அதன் மூடி, பிணைச்சல், விசைப்பலகை, தொடுபலகை, விளிம்பிலே காணப்படும் செருகுவாய்கள் ஆகியவற்றை அறிந்துகொள்ள அவற்றின் வரலாறே போதுமானது. இயந்திரத்திற்கு மனிதன் இணங்குவதா, மனிதனுக்கு இயந்திரம் இணங்குவதா என்பது நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கு. இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் அவ்வழக்கிலே கூறப்பட்ட ஒரு தீர்ப்பாகும்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஒஸ்போண் 1 என்ற கணினி விற்பனைக்கு வந்தது. கையிலே தூக்கிச் செல்லத்தக்கது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அப்பொறியின் நிறை ஏறத்தாழ 24 இறாத்தல். அதன் திரையோ 5 அங்குலமே. தையற்பொறிப் பெட்டியை ஒத்த அதனைத் தூக்கிச் சென்றவனது தோளே அதற்கு விலை கொடுத்தது. மறு ஆண்டிலே, 1982இல், கிரிட் கொம்பஸ் என்னும் கணினி வெளிவந்தது. பில் மொக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் திரையையும் விசைப்பலகையையும் ஒரு பிணைச்சலால் இணைத்து, புத்தகத்தை மூடுவது போல ஒன்றன்மேல் ஒன்றாக மூடும்படி செய்தார். மூடிய நிலையில் திரையும் விசைகளும் ஒன்றையொன்று காத்துக்கொண்டன. அதன் விலை 8,150 டொலர். எளியவர்க்கு எட்டாத அப்பொறி, அமெரிக்க விண்வெளி ஓடங்களிலே பயணம் செய்தது. எனினும் அந்தச் சிறு பிணைச்சலே இன்றைய மடிக்கணினிகளின் வடிவத்திற்கு அடிப்படையாயிற்று.

மூடியைத் திறந்தவுடன் கண்ணிற்படுவது விசைப்பலகை. இது கணினியிலும் முதுமை வாய்ந்தது. மில்வோக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பவர் 1868இலே தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் றெமிங்டன் நிறுவனம் அதனைச் சந்தைப்படுத்தியது. எழுத்துகளின் வரிசை இவ்வாறு அமைந்ததற்கு, எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காதிருத்தலே காரணம் என்று பலர் கூறுவர். தந்தி வேலையாளரின் வசதியே காரணம் என்று கூறுவாரும் உளர். காரணம் எதுவாயினும், கம்பிகள் மறைந்த பின்னரும் வரிசை மறையவில்லை. ‘ஷிப்ட்’ எனப்படும் விசையின் பெயரும் இவ்வாறே எஞ்சியது. 1878இல் வெளிவந்த றெமிங்டன் பொறியிலே பெரிய எழுத்தைப் பெறுவதற்கு ஒரு பாகம் மெய்யாகவே இடம்பெயர வேண்டியிருந்தது. இன்று எதுவும் இடம்பெயர்வதில்லை; பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. இங்கே மனிதன் இயந்திரத்திற்கு இணங்கினான். பின்னர் அவன் விரல்களின் பழக்கத்திற்குப் புதிய இயந்திரங்கள் இணங்கின.

தொடக்ககால மடிக்கணினிகள் பலவற்றில் விசைகள் முன்விளிம்பிலேயே அமைந்திருந்தன. எழுதுபவனின் மணிக்கட்டுக்கு இருக்க இடமில்லை. 1991இலே அப்பிள் நிறுவனத்தின் பவர்புக் கணினிகள் விசைப்பலகையைத் திரையை நோக்கிப் பின்தள்ளி, முன்னே கை வைத்துக்கொள்ள இடம் விட்டன. நடுவே சுட்டியை நகர்த்துவதற்கு ஓர் உருளும் பந்தினையும் பதித்தன. 1992இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பாட் கணினி, விசைகளின் நடுவே சிவந்த சிறு குமிழ் ஒன்றை வைத்தது. எழுதும் கை விசைகளை விட்டு அகலாமலே சுட்டியை நகர்த்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1994இல் பவர்புக் வரிசையில் உருளும் பந்துக்குப் பதிலாகத் தொடுபலகை வந்தது. விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்மாற்றத்தை உணர்ந்தே அது விரலின் இடத்தை அறிகின்றது. அசையும் பாகம் இல்லாமையால் தூசி புகுந்து பழுதாகும் குறை பெரிதும் நீங்கிற்று.

இனி, விளிம்பிலுள்ள செருகுவாய்களைக் கவனிப்போம். மனிதர் பெரிதும் அல்லற்பட்டது இவற்றினாலேயே. அச்சுப்பொறிக்கு 25 துளைகள் கொண்ட அகன்ற வாய், திரைக்கு 15 துளைகள் கொண்ட வேறொரு வாய், விசைப்பலகைக்கு வட்டமான வாய் என ஒவ்வொரு துணைக்கருவிக்கும் ஒவ்வொரு வாய் இருந்தது. புதிய கருவியொன்றை இணைப்பவர் பெரும்பாலும் கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்க வேண்டியிருந்தது. 1994இலே ஏழு நிறுவனங்கள் கூடி இவற்றிற்குப் பொதுவான ஒரு செருகுவாயை அமைக்க முற்பட்டன. அதன் பயனாக 1996இல் யூ.எஸ்.பி. முறை வெளியாயிற்று. அம்முயற்சியில் முன்னின்றவருள் ஒருவர், இன்ரெல் நிறுவனத்திற் பணியாற்றிய, இந்தியாவிற் பிறந்த அஜய் பட் என்னும் பொறியியலாளர். அச்செருகி ஒரு புறமாக மாத்திரமே நுழையும். இருபுறமும் நுழையுமாறு செய்தால் கம்பிகள் பெருகிச் செலவு கூடும் என்பதே அதற்குக் காரணம். நிறுவனங்கள் மிச்சம் பிடித்த அச்சிறு தொகைக்காக, உலகெங்கும் மக்கள் செருகியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நிலை உண்டாயிற்று. 2014இலே வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. சி வகை இக்குறையைத் தீர்த்தது. எப்புறம் திருப்பினும் நுழையும் அச்சிறு வாய், மின்னூட்டம், தரவு, திரைக்காட்சி ஆகிய மூன்றையும் கடத்த வல்லது. எனினும், வடிவால் ஒத்த வாய்கள் யாவும் ஆற்றலாலும் ஒத்தவை அல்ல. அருகே பொறிக்கப்பட்ட குறியையும் கைந்நூலையும் பார்த்தே அதன் ஆற்றலை அறிய வேண்டும்.

பொருள்களை ஆக்குவோர் தாமாக முழுதும் ஒன்றுபடாதவிடத்துச் சட்டம் குறுக்கிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறைவேற்றிய சட்டம், மின்னூட்டத்திற்கு இந்த வாயையே பொதுவாகக் கொள்ளுமாறு விதித்தது. கைத்தொலைபேசிகளுக்கு 2024 டிசெம்பர் 28ஆம் நாளும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரில் 28ஆம் நாளும் தொடக்கமாகக் குறிக்கப்பட்டன. பயனற்ற மின்னூட்டிகள் குப்பையாகக் குவிவதைக் குறைப்பதும், வாங்குவோரின் பணத்தைக் காப்பதும் அதன் நோக்கங்கள்.

செருகுவாய்களுள் மிகப் பழைய மரபினது, செவிப்பன்னிக்குரிய வட்டத் துளையே. 19ஆம் நூற்றாண்டிலே தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைப்பதற்குப் பயன்பட்ட செருகியின் வழித்தோன்றல் அது. திரான்சிஸ்டர் வானொலிகளின் காலத்திலே அதன் சிறிய வடிவம் வீடுதோறும் பழக்கமாயிற்று. வானொலி கேட்டுப் பழகியவருக்கு, மடிக்கணினியின் விளிம்பிலே நெடுநாள் அறிந்த ஒருவர் நிற்பது போன்ற உணர்வை அது தரும்.

இவ்வழக்கிலே தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்குவது எவ்வாறு என்பதே அவர் எதிர்கொண்ட வினா. எழுத்தைப் பதித்தும் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’களை அமைத்து, மெய்யெழுத்தின் மேலே புள்ளியும் விசிறிக் கொம்பும் வந்து பொருந்துமாறு செய்தார். ஜேர்மனியிலே அப்பொறிகள் செய்யப்பட்டன. தமிழின் இயல்பைக் குறைத்துப் பொறிக்குள் புகுத்தாமல், பொறியின் இயல்பையே அவர் மாற்றினார். பின்னர், 1999இலே தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடப்புறத்திலும் மெய்யெழுத்துகளைப் பெரும்பாலும் வலப்புறத்திலும் வைத்தது. உயிர்மெய்யைச் சேர்த்தெழுதும் வேலையைக் கணினியே ஏற்றுக்கொண்டது.

ஆயினும், கடைகளிலே விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றின் விசைகளில் ஆங்கில எழுத்து மாத்திரமே பொறிக்கப்பட்டிருக்கின்றது. தமிழ் உள்ளே இருக்கின்றது, வெளியே தெரிவதில்லை. புதிதாக எழுதப் பழகும் சிறுவன், தன் மொழி இப்பொறிக்கு உரியதன்று என எண்ணிவிடக் கூடும். அவ்வெண்ணம் தவறானது என்பதை அவனுக்கு எடுத்துக் கூறுவது பெரியோர் கடன். தோளுக்காகப் பிணைச்சலும், மணிக்கட்டுக்காக இடமும், தடுமாறிய கைக்காகச் செருகுவாயும் மாறின. அவ்வாறே எழுத்துக்காக விசையும் மாறியது, இனியும் மாறும். வேண்டுமென்று கேட்பவர் இருக்கும்வரை, எந்தப் பொறியின் புறத்தோற்றமும் முடிந்த முடிபன்று.