பம்பாய்க் கப்பல் தளத்தில் ஓர் உலா

பம்பாய் மாநகரில் வாழும் தமிழ் மக்கள் பலரும் கோட்டைப் பகுதியில் லயன் கேட் என்னும் வாயிலைக் கடந்து சென்றிருப்பர். அதனுள் இருப்பது கடற்படைத் தளம். அனுமதியின்றி எவரும் நுழைதல் இயலாது. ஆதலின் இன்று வரலாற்றைத் துணைக்கொண்டு அதனுள் சிறிது நடந்து வருவோம்.

முதலில் நாம் காண்பது ஓர் உலர்துறை. கருங்கல்லால் படிப்படியாகக் கட்டப்பெற்ற பெருந்தொட்டி அது. 1750ஆம் ஆண்டில் அமைந்தது; ஆசியாவிலேயே முதலாவது என்று போற்றப்படுவது. சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. பம்பாயிலோ அது பல மீட்டர் அளவினது. கடல் பொங்கும் வேளையில் கப்பலை உள்ளே செலுத்திக் கதவை அடைப்பர். கடல் வற்றுகையில் தொட்டியின் நீரும் வடியும். எஞ்சியதை இறைத்துவிட்டால், கப்பலின் அடிப்பாகம் முழுவதும் தச்சனின் கைக்கு எட்டும். இயற்கையின் ஆற்றலையே ஏவலாளாகக் கொண்ட ஏற்பாடு இது.

இத்தளத்தை உருவாக்கியவர் பம்பாயில் பிறந்தவர் அல்லர். 1736ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சரை அழைத்து வந்தனர். அவருடன் வேறு சில தச்சரும் வந்தனர். கைத்தொழில் ஒன்றையே முதலாகக் கொண்டு வேற்றூரில் குடியேறிய அவருடைய மரபினர், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இங்கே தலைமைத் தச்சராக விளங்கினர்.

அடுத்து, 1810இல் நிறைவுற்ற டங்கன் துறையின் கரைக்கு வருவோம். இந்தக் காலத்தில்தான் இத்தளத்தின் புகழ் உச்சியை எட்டியது. அப்புகழுக்குக் காரணம் மலையாளக் கரையின் தேக்கு. ஐரோப்பியரின் ஓக் மரத்தில் உள்ள துவர்ச்சத்து இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கிலோ எண்ணெய்ப் பசை உண்டு. அது இரும்பைக் காக்கும், எளிதில் உளுத்தும் போகாது. இம்மரத்தைக் கொண்டு ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய 74 பீரங்கிகள் தாங்கிய மிண்டன் என்னும் போர்க்கப்பல், 1810இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கடலில் இறங்கியது.

1813இல் இறங்கிய கார்ன்வாலிஸ் கப்பலின் தளத்தில்தான் 1842இல் சீனத்துடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அபினிப் போரின் முடிவு அது. இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கப்பலைச் செய்த கை நம்முடையது. அதன் பீரங்கிகள் எவரை நோக்க வேண்டும் என்று முடிவு செய்த கை நம்முடையதன்று. அடிமை நாட்டின் கைத்திறன் அடைந்த நிலை இதுவே.

அத்திறனுக்கும் எதிர்ப்பு எழாமலில்லை. இந்தியக் கப்பல்கள் தேம்ஸ் நதியில் சரக்குடன் வந்து நின்றபோது, இலண்டன் கப்பல் தச்சர் தம் பிழைப்புக் கெடும் என்று முறையிட்டனர். இந்திய மாலுமிகளைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதலாகாது என்று சட்டமும் பிறந்தது. பின்னர் நீராவியும் இரும்பும் வந்து மரக்கப்பலின் காலத்தை முடித்தன. அம்மாறுதலையும் வாடியா மரபினர் அஞ்சி ஒதுக்கவில்லை. நீராவிப் பொறியியலில் தேர்ந்த அர்தசீர் கர்செட்ஜி வாடியா, 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். இரண்டாமவர், 1918இல் தேர்வுற்ற நம் கணித மேதை இராமானுஜன்.

நம் உலாவின் முடிவில் ஒரு கப்பலைக் குறிப்பிட வேண்டும். 1817இல் இத்தளத்தில் பிறந்த அதன் பெயர் டிரிங்கோமலி, அதாவது ஈழத்துத் திருகோணமலை. இருநூறாண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அது நீரில் மிதந்து நிற்கிறது. அதைக் கட்டிய வாடியாவின் பெயரை ஏடுகள் காத்து வைத்துள்ளன. பலகை அறுத்தவர், ஆணி அறைந்தவர், இடுக்கடைத்தவர் பெயர்களையோ நாம் அறியோம். எனினும் அவர்கள் இழைத்த தேக்கு இன்னும் நீரைத் தடுத்து நிற்கிறது. பிழைப்பு நாடி அயலூர் செல்லும் உழைப்பாளிக்கு இதைவிட உறுதியான சான்றுரை வேறு யாது?