இதயச் செயலிழப்பு: நோயாளிக்கு ஏற்ற உணவு

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவதன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த இதயத்தால் இயலாத நிலையாகும். அப்போது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றன. கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் இதனாலேயே தோன்றுகின்றன. எனவே, உணவில் முதற்கவனம் உப்பின் மீது இருத்தல் வேண்டும்.

உப்பு
நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, மிகக் கூடாது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றைத் தவிர்க்கவும். குடும்பத்தினருக்கும் சேர்த்துச் சமைக்கையில், நோயாளிக்குரிய பங்கை உப்பிடுமுன் தனியே எடுத்து, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு கொண்டு சுவையூட்டலாம். இந்துப்பும் உப்பே. சோடியம் குறைந்த உப்பு வகைகளில் பொட்டாசியம் மிகுதி. சில இதய மருந்துகளுடன் சேரும்போது அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டா.

நீர்
மருத்துவர் அளவு குறித்திருப்பின், காபி, மோர், ரசம், கஞ்சி ஆகியவற்றையும் அக்கணக்கில் சேர்க்கவும்.

பசியின்மை
வயிறு நிறைந்தால் மூச்சு வாங்கும். பசியின்றி உண்ணாதிருந்தால் தசைகள் மெலியும். ஆகவே, உணவைச் சிறு அளவுகளாக 5 அல்லது 6 வேளைகளில் கொடுக்கவும். பருப்பு, முட்டை, குழம்பு மீன், வெந்த காய்கறிகள் ஏற்றவை.

எடை
நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன் எடை பார்த்துக் குறித்து வைக்கவும். 3 நாள்களில் 2 கிலோ கூடினால், வீக்கம் தெரியாவிடினும் மருத்துவரை அணுகவும். படுத்தால் மூச்சுத் திணறினால் காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.