வேலி போட்டும் தப்பிக்காத வண்ணத்துப்பூச்சி

வரலாறு என்றாலே ராஜா, போர், ஒப்பந்தம் மட்டும்தானா? ஒரு பூச்சிக்கும் வரலாறு உண்டு நண்பர்களே. இன்று இங்கிலாந்தின் 'லார்ஜ் ப்ளூ' கதை.

பெயர்தான் லார்ஜ். சிறகை விரித்தால் சுமார் இரண்டு அங்குலம், அவ்வளவே. அங்கே நீல வண்ணத்துப்பூச்சிகள் பல உண்டு. இதைக் கண்டுபிடிக்க முன்சிறகின் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீலத்தின் மேல் மை தெளித்தது போல் கரும்புள்ளிகள் இருக்கும். தேட வேண்டிய காலம் ஜூன், ஜூலை. இடம், தைம் செடி பூத்திருக்கும் புல்வெளிச் சரிவு. அந்தச் செடியின் மொட்டில்தான் முட்டையிடும்.

அரிய பூச்சி என்பதால் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுப் பிடித்தார்கள். எண்ணிக்கை குறையக் குறைய, பழி அவர்கள் மேல் விழுந்தது. 1930களில் ஓரிடத்தில் அவர்கள் நுழையாதபடி வேலியே போட்டார்கள். பூச்சி அங்கேயும் மறைந்துபோனது!

ஏன்? இதற்கு அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். புழு சுமார் மூன்று வாரம் தைம் பூவைத் தின்றுவிட்டுக் கீழே விழும். அப்புறம் எங்கே போகிறது என்பது 1915-ல்தான் தெரிந்தது. எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குள் தூக்கிப்போகிறது. உள்ளே போன புழுவோ எறும்புக் குஞ்சுகளையே தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான்!

1970களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர், மிஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தைக் கோடைதோறும் கவனித்தார். எல்லா எறும்பும் உதவாது, 'மிர்மிகா சபுலெட்டி' என்ற ஒரே ஒரு வகைதான் இதைக் காப்பாற்றுகிறது என்று கண்டார். அந்த எறும்புக்கு வெயில் நன்றாக விழும் சூடான தரை வேண்டும். புல் சில சென்டிமீட்டர் வளர்ந்தாலே மண் குளிர்ந்து, எறும்பு போய்விடும்.

புல்லைக் கட்டையாக வைத்திருந்தவை ஆடு, மாடு, முயல்கள். மேய்ச்சல் குறைந்தது. 1953-ல் வந்த மிக்சோமாடோசிஸ் நோயில் முயல்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வேலியோ, ஆளை மட்டுமா தடுக்கும்? மேய வரும் ஆடுமாட்டையும்தானே தடுக்கும்!

உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979-ல் பிரிட்டனில் இந்த இனம் அழிந்தது. ஆனால் பாடம் வீண்போகவில்லை. மறுபடி மேய்ச்சல் விட்டுப் புல்லைக் குறைத்தார்கள். 1983-ல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது சோமர்செட் பகுதிச் சரிவுகளில் மீண்டும் பறக்கிறது.

நல்லெண்ணத்தில்தான் வேலி போட்டார்கள். எதிலிருந்து காக்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஜூன் கடைசியில் ஒருமுறை போய்ப் பாருங்களேன். முன்சிறகுப் புள்ளிகளை மறந்துவிடாதீர்கள்!