சுவர் இடிந்த பிறகு: வடக்கன்குளமும் எறையூரும்

கத்தோலிக்கர்கள் ஒரு கோயிலையும் அதைச் சார்ந்த மக்களையும் சேர்த்துப் ‘பங்கு’ என்கிறார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்த ஊர், திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம்.

நீலகண்ட பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது ‘பிள்ளை’யை ரோம் நீக்கியது. அதே ஊரில் 1872இல் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கும் பிறருக்கும். பீடம் ஒன்றுதான். நடுவே சுவர்.

1910இல் பங்குத்தந்தை கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றனர். அவர்கள் கேட்பது தீட்டுப்படாமல் ஒதுங்கியிருக்கும் உரிமை, கிறித்தவர்களிடையே தீட்டை ஏற்க முடியாது என்றது நீதிமன்றம்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வாதம் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். கிறித்தவத்தில் தீண்டாமை இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆதிக்கத்தின் சலுகையை உடைத்த வாதமே ஒடுக்கப்பட்டோரின் உரிமையை மறுக்கும் வாதமாகிவிட்டது. இடஒதுக்கீடு மட்டுமல்ல, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை.

தீட்டு இல்லையென்றால் எறையூரில் நடந்தது என்ன? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஜெபமாலை அன்னை பங்கில் வன்னியக் கிறித்தவர்களே ஆதிக்கம் செலுத்தினர். தலித் கிறித்தவர்களுக்குக் கல்லறை தனி. அவர்களுடைய சவ ஊர்வலம் பொதுத்தெருவில் போக முடியாது. ஆகவே தாங்கள் எழுப்பிய கோயிலைத் தனிப்பங்காக்கக் கேட்டனர். 2008 மார்ச் 9இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். ஒரே செபமாலையை உருட்டிய இரு தெருக்கள் அவை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடக்கன்குளத்தில் சுவரை இடிப்பது சமத்துவம். எறையூரில் தனியே பிரிவதைக் கேட்பது சமத்துவம். வெளிப்பார்வைக்கு இவை முரண். ஆனால் ஒதுக்கிவைப்பது வேறு, ஒதுக்கப்பட்டவர் தன்மானத்தோடு வெளியேறுவது வேறு. சாதி வேதநூலில் இல்லாமல் இருக்கலாம். தெருவிலும் கல்லறையிலும் நிலத்திலும் இருக்கிறது.

மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அரசு சான்று கேட்கிறது. மாணவத் தோழர்களே, உங்கள் பங்குகளுக்குச் செல்லுங்கள். பங்குப்பேரவையில் யார் இருக்கிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, யாருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்று எழுதிவையுங்கள். வடக்கன்குளத்துச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் இடிக்க முடிந்தது. மற்றச் சுவர்களை முதலில் ஏட்டில் கொண்டுவர வேண்டும்.