பால்வாடி: ஒரு சொல் நடந்து வந்த பாதை

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 'அங்கன்வாடி மையம்' என்று அரசு பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் கட்டடத்தை, ஊரார் பலர் இன்றும் 'பால்வாடி' என்றே சொல்கின்றனர். அதில் உள்ள 'பால்' தமிழ்க் காதுக்கு ஆவின்பாலாகவே கேட்கிறது. குழந்தைகளுக்குச் சத்துணவு கொடுக்கும் இடமாயிற்றே, பெயர் பொருத்தம்தான் என்று எவரும் ஏற்றுக்கொள்வர். ஆனால் அந்தச் சொல்லில் பால் இல்லை. நம் 'பாலகன்', 'பாலர்' ஆகிய சொற்களில் இருக்கும் குழந்தையே அதிலும் இருக்கிறது. 'வாடி' என்பது மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டத்தைக் குறிக்கும். எனவே பால்வாடி என்றால் குழந்தைத் தோட்டம். அங்கன்வாடி என்றால் முற்றத்துத் தோட்டம். இந்த இரண்டு சொற்களுக்கும் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அது அரசு அலுவலகம் எதிலும் தொடங்கவில்லை. தன் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று கவலைப்பட்ட ஒரு தந்தையிடம் தொடங்கியது.

அவர் பெயர் கிஜுபாய் பதேக்கா. 1885இல் சௌராஷ்டிரப் பகுதியில் பிறந்தவர். 1907இல் பிழைப்புத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று, திரும்பி வந்து, பம்பாயில் சட்டம் படித்து, வத்வானில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1913இல் மகன் நரேந்திரன் பிறந்தான். அக்காலப் பள்ளி எப்படி இருந்தது என்பதைக் கிஜுபாய் தம் சொந்த இளமையிலிருந்தே அறிந்திருந்தார். பிரம்பு, மனப்பாடம், அச்சம் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். அந்த இடத்துக்குத் தம் மகனை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மாற்று வழி தேடியபோது மாண்டிசோரி கல்விமுறை குறித்த நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்திருந்தார். குழந்தை தானாகவே கற்கும் ஆற்றல் உடையது, பெரியவர்களின் கடமை அதற்கேற்ற சூழலை அமைத்துத் தருவதே என்பது அவர் கண்டறிந்த உண்மை. வீட்டில் ஒரு குழந்தையை நாள்தோறும் கவனித்துக்கொண்டிருந்த வழக்கறிஞருக்கு இந்தக் கருத்து நெஞ்சில் தைத்தது.

1916இல் அவர் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, பாவ்நகரில் இயங்கிய தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். நானாபாய் பட் 1910இல் மாணவர் விடுதியாகத் தொடங்கிய நிறுவனம் அது. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் தெற்கு நோக்கி, ஆலமரத்தடியில் அமர்ந்து, பேசாமலே கற்பிக்கும் குருவின் பெயரைத்தான் அந்தக் குஜராத்தி நிறுவனம் சூடியிருந்தது. அங்குச் சில ஆண்டுகள் பணியாற்றியபின் கிஜுபாய் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய பிள்ளைகளிடம் காணப்படும் அச்சமும் ஆர்வமின்மையும் பதின்வயதில் முளைப்பவை அல்ல. வேர் அதற்கு முன்பே இறங்கிவிடுகிறது. எனவே தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1920இல் பாவ்நகரில் மழலையருக்கான 'பால மந்திர்' பிறந்தது.

பெயரைக் கவனிக்க வேண்டும். பள்ளி என்ற சொல்லை அவர் தவிர்த்தார். 'மந்திர்' என்றால் கோயில். குழந்தையை அடிப்பதற்கு உரிமை உண்டு என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒருசேர நம்பிய காலத்தில், குழந்தைகள் இருக்கும் இடத்துக்குக் கோயில் என்று பெயர் வைப்பது வெறும் அலங்காரம் அன்று. கோயிலில் கை ஓங்க முடியாது. அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும், தோட்ட வேலையும், ஓவியமும், மண்ணும் இருந்தன. மீசை வைத்த அந்தப் பெரிய மனிதர் தரையில் அமர்ந்து கதை சொன்னார். 'மீசைக்கார அம்மா' என்ற பொருளில் 'மூச்சாளி மா' என்று அவரை அழைத்தனர். அந்தப் பட்டம் குஜராத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது.

மாண்டிசோரியிடமிருந்து கற்றவர் என்றாலும் கிஜுபாய் அவரை அப்படியே பின்பற்றியவர் அல்லர். சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் சொல்வதை மாண்டிசோரி விரும்பவில்லை. கிஜுபாயோ கதையை நடுவில் வைத்தார். கதை சொல்லும் கலைக்கென்றே 'வார்த்தானும் சாஸ்திர' என்று ஒரு நூல் எழுதினார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி, குழந்தை பேசும் குஜராத்தியில் மீண்டும் சொன்னார். அவற்றுள் 'ஆனந்தக் காகம்' புகழ்பெற்றது. அரசன் சினங்கொண்டு ஒரு காகத்தைச் சேற்றில் தள்ளச் சொல்கிறான். காகம் மகிழ்ச்சியாகப் பாடுகிறது. கிணற்றில் போடச் சொல்கிறான், அங்கும் பாடுகிறது. முள்ளில் எறிந்தாலும் பாட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு தண்டனைக்கும் ஒரே வாக்கிய அமைப்பு மீண்டும் வருகிறது. ஓரிரு சொற்கள் மட்டும் மாறுகின்றன. மொழியியல் நோக்கில் இது எளிய செய்தி அன்று. மாறாத சட்டகத்துள் சொல் மட்டும் மாறும்போது, குழந்தை இலக்கணத்தை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறது. அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சொல்லிப் பார்க்கிறது. சரியாக வந்தால் சிரிக்கிறது. எழுத்துக் கற்பதற்கு முன்பே வாசிப்பின் அடிப்படை இப்படி அமைந்துவிடுகிறது. தண்டனையால் தன் மகிழ்ச்சியை இழக்காத காகத்தின் கதையை, பிரம்படிக்குப் பழகிய ஊரில் குழந்தைகளுக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1932 அளவில் வெளிவந்த அவருடைய 'திவாஸ்வப்ன' தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. கல்வி அதிகாரியிடம் ஓராண்டுக்கு அனுமதி பெற்று, நான்காம் வகுப்பில் புதுமுறையில் கற்பிக்க முயலும் ஓர் ஆசிரியரின் கதை அது. அதன் சிறப்பு, ஆசிரியர் முதல்நாளே தோற்றுப்போவதுதான். நூல்களில் படித்த அமைதி விளையாட்டை நடத்த முயல்கிறார். வகுப்பே கூச்சலில் மூழ்குகிறது. மறுநாள் ஒரு கதையைத் தொடங்குகிறார். அதே பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கின்றனர். கொள்கையைவிடக் குழந்தையைப் பார்த்துக் கற்பதே ஆசிரியத் தொழில் என்று அந்த இரண்டு நாள்கள் சொல்லிவிடுகின்றன. சக ஆசிரியர்களின் ஏளனமும், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும், தேர்வு குறித்த பெற்றோரின் கவலையும் அந்நூலில் வருகின்றன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பக்கங்கள் பழையனவாகத் தோன்றவில்லை என்பதில் மகிழ ஒன்றுமில்லை.

பெற்றோரை அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் விடவும் இல்லை. பெற்றோருக்கென்று அவர் எழுதிய நூல்களுள் ஒன்றின் தலைப்பே 'தாய் தந்தை ஆவது கடினம்' என்று பொருள்படும். பள்ளியில் அடி நிறுத்தப்பட்டு வீட்டில் தொடர்ந்தால் குழந்தைக்கு என்ன மிச்சம் என்பது அவர் ஓயாமல் எழுப்பிய கேள்வி.

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை இருந்தது. பால மந்திருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். கல்விக் கருவிகள் விலை மிக்கவை. இந்தச் சுவரைத் தாண்டியவர் தாராபாய் மோடக். 1892இல் பம்பாயில் பிறந்து, பட்டம் பெற்று, ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஒரு பெண் குழந்தையின் தாய். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1923இல் பாவ்நகருக்கு வந்து கிஜுபாயுடன் சேர்ந்தார். 1926இல் 'நூதன் பால சிக்ஷண சங்கம்' உருவானது. பின்னர் தாராபாய் பம்பாய்க்குத் திரும்பினார். கிஜுபாய் 1939 ஜூன் மாதம் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில் மரியா மாண்டிசோரி இந்தியா வந்து, சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். அதைக் காண அவருடைய குஜராத்தி மாணவர் இல்லை.

1945இல் தாராபாய், பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் உள்ள போர்டி கிராமத்துக்குச் சென்றார். இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, படித்து ஆசிரியரான அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். அங்குத் தொடங்கப்பட்டதே முதல் பால்வாடி. வார்லி பழங்குடிக் குழந்தைகளுக்காகத் திறந்த அந்த வாசலுக்குக் குழந்தைகள் வரவில்லை. மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடு மாடு மேய்க்க வேண்டும். தாயும் தந்தையும் கூலிக்குப் போக வேண்டும். வராத குழந்தைகளைக் குறைகூறுவது எளிது. அந்த இரண்டு பெண்களும் பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடிசைகளுக்குப் போயினர். முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டி, குளிப்பாட்டி, தலைவாரி, பாடி, விளையாடினர். மராத்தியில் முற்றம் 'அங்கண்'. முற்றத்துப் பால்வாடி என்பதே பின்னாளில் அங்கன்வாடி ஆயிற்று. விலைமிக்க கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல், விதை, இலை, கிளிஞ்சல் ஆகியவை எண்ணிக்கையும் நிறமும் வடிவமும் கற்பித்தன. பின்னர்ப் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது. தாராபாய்க்கு 1962இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. அவர் 1973இல் மறைந்தபின் அனுதாய் 1992 வரை அந்தப் பணியிலேயே வாழ்ந்தார்.

1975 அக்டோபர் 2 அன்று ஒன்றிய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணியைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே சூட்டப்பட்டது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் கடமைகளுள் ஒன்று. சொல் நாடு முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் பால்வாடி பேச்சுவழக்கில் வேரூன்றியது. சொல்லோடு பொருள் முழுவதும் வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. உணவும் மருத்துவமும் வந்தன. எண்ணற்ற உயிர்கள் அவற்றால் காக்கப்பட்டன. ஆனால் கதையும் பாட்டும், எடைப் பதிவேடுகளுக்கும் கணக்கேடுகளுக்கும் இடையில் ஒரே ஊழியரின் மிச்ச நேரத்துக்குத் தள்ளப்பட்டன. வசதியுள்ள வீடுகளின் மூன்று வயதுக் குழந்தைகளோ, பென்சில் பிடிக்க விரல் பழகும் முன்பே எல்கேஜி வீட்டுப்பாடம் எழுதுகின்றன. ஒரு பக்கம் உணவு உண்டு, கல்வி குறைவு. மறுபக்கம் கல்வி என்ற பெயரில் சுமை. இரண்டு பக்கமும் கிஜுபாயின் குழந்தையைக் காணவில்லை.

சட்டத்தின் நிலையும் இதற்கு இணையானதே. 2002இல் நிறைவேறிய 86ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோரின் பராமரிப்பையும் கல்வியையும் அரசு 'முயல வேண்டிய' வழிகாட்டு நெறியாக மட்டும் வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பாவ்நகரில் 1920இல் ஒரு தனிமனிதர் வைத்துக்கொண்ட விதி, நாட்டின் சட்டமாவதற்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த விதி யாருக்காக முதலில் எழுந்ததோ, அந்த மழலையர் உரிமையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்து கல்வியைக் கணக்கிடுகிறது. கொள்கை உரிமை ஆகாது.

அங்கன்வாடி ஊழியரைக் குழந்தைகள் பல ஊர்களில் 'டீச்சர்' என்றே அழைக்கின்றன. அரசுப் பதிவேட்டில் அவர் ஆசிரியர் இல்லை. மதிப்பூதியம் பெறும் பணியாளர். தாராபாயும் அனுதாயும் முற்றத்தில் அமர்ந்து செய்த பணியை இன்று செய்பவர் அவர்தான். அவருக்கு ஆசிரியருக்குரிய பயிற்சியும் ஊதியமும், கதை சொல்ல ஒரு மணி நேரமும் கிடைத்தால், பால்வாடி என்ற சொல்லுக்கு அதன் பழைய பொருள் திரும்பக் கிடைக்கும்.