கறுப்பு போர்டு, வெள்ளை போர்டு: வாடகைக் காரின் வேகத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு

இந்த எபிசோடை ஒரு நம்பர் பிளேட்டில் இருந்து ஆரம்பிக்கலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமை ராத்திரி எங்க ரூமில் ஒரே கேள்விதான்: நாளைக்கு எங்கே போறது? அப்படி ஒரு ராத்திரி ஏற்காடுன்னு முடிவாச்சு. தெரிஞ்சவர் மூலமா ஒரு கார் கிடைத்தது. கொடுத்தவர் ரொம்ப மரியாதையா சொன்னார்: "லைசென்ஸ் இருக்குதுங்களா தம்பி? ஆதார் ஜெராக்ஸும் அட்வான்ஸும் குடுத்துட்டு எடுத்துக்குங்க. போலீஸ் கேட்டா மட்டும் மாமா வண்டின்னு சொல்லிக்குங்க."

மாமா வண்டி! அப்போ அது எங்களுக்கு ஒரு ஜோக். அந்த வார்த்தைக்குப் பின்னாடி எவ்வளவு இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது.

விடியற்காலை பெருமாநல்லூர் தாண்டி சேலம் ரோட்டில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன். முள் 120-ஐத் தொட்டது. விஜயமங்கலம் பக்கம் மீடியன் இடைவெளியில் ஒரு பெரியவர், தலையில் துண்டு கட்டி, டிவிஎஸ் வண்டியில் மெதுவா ரோட்டைக் கடக்கிறார். பிரேக்கை மிதித்தேன். பழக்கமில்லாத வண்டி, பழக்கமில்லாத பிரேக். கார் இழுத்துக்கொண்டு போய் நின்றபோது அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம்கூட இல்லை. அவர் திட்டக்கூட இல்லை. பார்த்துட்டு போயிட்டார். அந்தப் பார்வைதான் என்னை இந்த வரலாற்றைத் தேட வைத்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1865, பிரிட்டன். நீராவி வண்டிகள் ரோட்டுக்கு வந்த காலம். அப்போ வந்த சட்டம், ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் என்று வேகத்தைக் கட்டிப் போட்டது. அது மட்டுமில்லை. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்கணும். இன்னைக்குச் சிரிப்பா இருக்கு. ஆனா அந்தக் கொடி யாருக்காகன்னு யோசிங்க. வண்டிக்குள் இருப்பவருக்காக இல்லை. எதிரே நடந்து வருகிறவருக்காக, குதிரை ஓட்டி வருகிறவருக்காக.

1896-ல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வேக வரம்பு 14 மைலுக்கு உயர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் மாசம் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், பொதுமக்களுக்குச் சவாரி காட்டிக்கொண்டிருந்த ஒரு கார் மோதி பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்ற பெண் இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

அடுத்து அமெரிக்கா. 1916-ல் ஒமாஹா நகரத்தில் ஜோ சாண்டர்ஸ் என்பவர் தன் ஃபோர்டு காரை வாடகைக்கு விடத் தொடங்கினார். சக்கரத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தி, மைலுக்கு 10 சென்ட் வாங்கினார். 1918-ல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் 12 ஃபோர்டு கார்களோடு கடை போட்டார். அதுதான் பின்னாளில் ஹெர்ட்ஸ் ஆனது. செல்ஃப் டிரைவ் தொழில் அங்கேதான் வேர் விட்டது. சாண்டர்ஸின் மீட்டர் எண்ணியது தூரத்தை மட்டும்தான். எவ்வளவு வேகமா ஓட்டினாங்க என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்தக் கேள்வியை ஊர் மக்களே கேட்டார்கள். 1923-ல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நகரத்தில் ஓடும் ஒவ்வொரு காரிலும் கவர்னர் மாட்டணும், 25 மைலுக்கு மேல் வண்டி போகவே கூடாது. நம்ம கணக்கில் 40 கிலோமீட்டர். கார் விற்பவர்கள் பதறிப் போய் பெரிய எதிர்ப் பிரச்சாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் மனு தோற்றது. அன்னைக்கு அது ஜெயித்திருந்தா? தெரியாது. ஆனா வேகத்தை ஓட்டுநரின் மனசாட்சிக்கு விடுவதா, இயந்திரத்திலேயே பூட்டுவதா என்ற சண்டை அன்னையிலிருந்து ஓயவே இல்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவுதான் இங்கே செல்ஃப் டிரைவ் வாடகைக்கு வழி திறந்தது. அதன் கீழ் 1989-ல் ரென்ட் எ கேப் திட்டம் வந்தது. லைசென்ஸ் வேணும்னா குறைந்தது 50 கார் வைத்திருக்கணும் என்றது அது. பெரிய ஆளா இருந்தா பொறுப்பா இருப்பார், ஏதாவது ஆச்சுன்னா பிடிக்கவும் முடியும் என்ற நினைப்பு போல. அந்த வண்டிகளுக்குன்னு தனி அடையாளம் உண்டு: கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து.

சட்டத்தின் கண்ணில் கறுப்பு போர்டு ஒரு வாடகை வாகனம். மத்திய மோட்டார் வாகன விதி 118 வாடகை வாகனங்களின் வேகத்தை 80 கிலோமீட்டரில் பூட்டச் சொல்கிறது. சின்சினாட்டியில் தோற்ற அதே கவர்னர் இங்கே விதியா வந்து உட்கார்ந்திருக்கு.

ஆனா திருப்பூர் மாதிரி ஊரில் 50 கார் வைத்து ஆபீஸ் போட எத்தனை பேரால் முடியும்? ரெண்டு கார் வைத்திருப்பவர் என்ன செய்வார்? வெள்ளை போர்டையே வாடகைக்கு விடுவார். "மாமா வண்டி" பிறந்த கதை இதுதான். பொறுப்பைக் கூட்டத்தான் சட்டம் 50 என்று கேட்டது. அந்த வாசலில் நுழைய முடியாதவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கவர்னர் இல்லை. இன்சூரன்ஸும் சந்தேகம்தான், ஏன்னா சொந்த உபயோகத்துக்குன்னு எடுத்த பாலிசி வாடகைக்குப் பொருந்தாது. விபத்து ஆச்சுன்னா வண்டிக்கு க்ளெய்ம் மறுக்கப்படலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ்கூட வரலாம்.

வேக வரம்பின் கதையும் நேர்கோடா இல்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நாலு வழிச் சாலையில் 100 என்று அறிவித்தது. 2021-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதிகள் கிருபாகரன், தமிழ்ச்செல்வி அமர்வு, அந்த அறிவிப்பை ரத்து செய்து பழைய அளவுக்குத் திரும்பச் சொன்னது. ரோடு நல்லாயிருக்கு, இன்ஜின் நல்லாயிருக்கு, வேகத்தைக் கூட்டலாம் என்பது அரசின் வாதம். வேகம்தானே ஆளைக் கொல்லுது என்பது நீதிமன்றத்தின் கேள்வி.

எண்களைப் பார்த்தா அந்தக் கேள்வியின் கனம் தெரியும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுக்க நடந்த மரணங்களில் 71 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் வருது. இறந்தவர்களில் பாதிக்கும் மேல் டூவீலரில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான்.

நம்ம ரோட்டையே எடுத்துக்குங்க. 2020 பிப்ரவரி 20, விடியற்காலை. அவிநாசி பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி மீடியனைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பஸ்ஸில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். ரெண்டு வண்டியையும் ஓட்டியது ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். அதே இருட்டு நேரத்தில்தான் ஆறு நாள் ஷிப்ட் பார்த்த கண்களோடு நாங்க ஏற்காடு கிளம்பினோம்.

ஒரு சின்ன கணக்கு. 80-ல் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். 120-ல் 33 மீட்டர். பிரேக்குக்குக் கால் போறதுக்குள் 11 மீட்டர் அதிகமாப் போயிடும். மோதினா அடியின் சக்தி ஒன்றரை மடங்கு இல்லை, ரெண்டேகால் மடங்கு. சரி, லாபம் என்ன? 100 கிலோமீட்டரை 80-ல் ஓட்டினா ஒண்ணேகால் மணி நேரம், 100-ல் ஓட்டினா ஒரு மணி நேரம். மிச்சம் 15 நிமிஷம். சேலம் போறதுக்குள் டீக்கடையில் அதைவிட அதிகமா நிப்போம்!

இப்பவும் நான் செல்ஃப் டிரைவ் எடுக்கிறேன். முதல்ல போர்டைப் பார்ப்பேன். கறுப்பா இல்லைன்னா பஸ்ஸிலேயே போயிடுவேன். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் பார்ப்பேன். ஹைவே ஏறும் முன்னாடி காலி ரோட்டில் ரெண்டு தடவை பிரேக் போட்டுப் பழகுவேன். வண்டி 80-க்கு மேல் போகலைன்னா, "என்னடா இது மாட்டு வண்டி"ன்னு பின்சீட்டில் இருந்து குரல் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

இப்போ அந்த 80-ல் எனக்குத் தெரிவது, 60 கஜம் முன்னால் கொடி பிடித்து நடந்த அந்த ஆள். அவர் எச்சரித்தது விஜயமங்கலத்தில் நான் பார்த்த பெரியவர் மாதிரியான ஆட்களைத்தான்.

இந்த எபிசோடை அடுத்த வாரம் வண்டி எடுக்கப் போற நண்பருக்கு அனுப்பி வைங்க. முக்கியமா, மாமா வண்டியில் போறவருக்கு. மீண்டும் சந்திப்போம்.